காற்றுத் துப்பாக்கியும் நாற்பது வயதும்

நாற்பது வயதைத் தாண்டிய மனிதனுக்கு இரண்டு விஷயங்கள் நேரிடுகின்றன. ஒன்று, பத்திரிகையைக் கை நீளத்துக்கு எட்டப் பிடித்துக்கொண்டு வாசிக்க ஆரம்பிக்கிறான். மற்றொன்று, இருபது வயதில் பரண்மேல் போட்ட ஆசைகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கித் தூசி தட்டுகிறான். ஒருவருக்குப் புல்லாங்குழல், இன்னொருவருக்குச் சதுரங்கம், வேறொருவருக்குச் சைக்கிள். எங்கள் விருத்தாசலத்தில் சமீப காலமாக என் நண்பர்கள் சிலரைப் பற்றிக்கொண்டிருப்பது காற்றுத் துப்பாக்கி.

இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இந்த ஊரில் பிறந்த பையன் எவனும் மாசி மகத் திருவிழாக் கூட்டத்தில் பலூன் சுடும் கடையைத் தாண்டிச் சும்மா போனதில்லை. பிறகு கல்லூரியில் என்.ஸி.ஸி.யில் சேர்ந்து, 0.22 துப்பாக்கியால் தரையில் குப்புறப் படுத்துச் சுட்டவர்களும் எங்களில் பலர் உண்டு. அப்புறம் உத்தியோகம், கல்யாணம், வீட்டுக் கடன். துப்பாக்கி மறந்து போயிற்று. இப்பொழுது பிள்ளைகள் சற்றுத் தலையெடுத்துவிட்டார்கள். ஒலிம்பிக் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்த்ததும் பழைய விரல் அரிக்கிறது.

நான் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக் கொடுக்கிறவன் என்பதால், "எந்தத் துப்பாக்கி வாங்கலாம், ஸார்?" என்று என்னிடம் வருகிறார்கள். நானும் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்கிறேன்: "எதைச் சுடப் போகிறீர்கள்?" அநேகர் இந்தக் கேள்விக்குத் தயாராக வருவதில்லை. ஆனால் துப்பாக்கித் தேர்வு முழுவதும் இந்த ஒரு கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது.

பறவையைச் சுடுவதாக உத்தேசமிருந்தால், பேச்சு அங்கேயே முடிந்தது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கொக்கு, மைனா, கிளி எல்லாம் ராஜாங்கத்தின் காப்பில் இருப்பவை. அவற்றைச் சுடுவது குற்றம். தெரு நாயைச் சுடுவதும் 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டத்தின்படி குற்றம். அருணாசலப் பிரதேசத்தில் நடந்த ஒரு காரியம் இந்த இடத்தில் நினைவுகூரத் தக்கது. அங்கே வேட்டை தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம்; வீட்டுக்கு வீடு காற்றுத் துப்பாக்கி இருந்தது. காடு மௌனமாகிக்கொண்டு வந்தது. 2021 மார்ச்சில் கிழக்குக் காமெங் ஜில்லாவில் லும்டுங் என்ற கிராமத்தில் காற்றுத் துப்பாக்கிகளைத் திரும்ப ஒப்படைக்கும் இயக்கம் ஒன்றை அந்த ராஜ்ய சர்க்கார் ஆரம்பித்தது. போலீஸை ஏவிப் பறிக்கவில்லை. ஜனங்களே கொண்டுவந்து வைத்தார்கள். பிறகு ஊர் ஊராக அது பரவியது. காட்டு ஜனங்கள் தாமாகக் கைவிட்டதைப் படித்த குடும்பத்தார் நாம் கையில் எடுத்தால், அது நமக்குப் பெருமையாகாது.

ஆக, சுடுவதற்கு மிஞ்சுவது காகித அட்டை ஒன்றுதான். "வெறும் காகிதமா!" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு அந்தக் காகிதத்தின் யோக்கியதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

* * *

சர்வதேசப் பந்தயத்தில் காற்று ரைபிளுக்குத் தூரம் 10 மீட்டர். குண்டின் குறுக்களவு 4.5 மில்லிமீட்டர். அட்டையின் நடுவில் பத்து மதிப்பெண்ணுக்கு உரிய புள்ளி எவ்வளவு தெரியுமோ? அரை மில்லிமீட்டர்! பேனா முனையால் தொட்டு வைத்த அளவு. அதிலும் நடுவுக்கு நடுவாகப் பட்டால் 10.9 வரை தசமத்தில் கணக்கிடுகிறார்கள். அறுபது தடவை சுட வேண்டும். ஆகவே உச்சபட்சம் 654. நின்றபடியே, எதன்மேலும் சாயாமல் சுட வேண்டும் என்பது நிபந்தனை.

இந்தப் பந்தயம் ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1984-இல், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில். 2008 ஆகஸ்டில் பீஜிங்கில் அபினவ் பிந்த்ரா இதே பந்தயத்தில் தங்கம் வென்றார். தனி மனிதர் ஒருவர் பாரத தேசத்துக்கு வாங்கித் தந்த முதல் ஒலிம்பிக் தங்கம் அதுதான். கடைசிக் குண்டுக்கு அவர் பெற்றது 10.8. நான்கு வருஷம் கழித்து லண்டனில் சென்னையில் பிறந்த ககன் நாரங் வெண்கலம் பெற்றார்.

எங்கள் ஜில்லாவுக்கும் இதில் பங்கு உண்டு. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019 ஆகஸ்டில் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பைப் பந்தயத்தில் தங்கம் வென்றார். அந்தப் பெண் ககன் நாரங்கின் பயிற்சிக் கூடத்தில் தேறியவர். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் அவர் பெற்ற மதிப்பெண் 630.7. அதாவது அறுபது குண்டுக்கும் சராசரி பத்தரைக்குமேல். அப்படியிருந்தும் பத்தாவது இடந்தான் கிடைத்தது. முதல் எட்டுப் பேருக்கே இறுதிப் போட்டி. அதே பந்தயத்தில் நம் தேசத்தின் ரமிதா ஜிந்தல் 631.5 பெற்று ஐந்தாவதாக உள்ளே போனார். இருவருக்கும் இடையே இருந்தது 0.8, அறுபது குண்டில் ஒரு மதிப்பெண்கூட இல்லை. காகிதம் அற்ப விஷயம் என்று இனி யாரும் சொல்லமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

* * *

நண்பர்களில் பெரும்பாலோர் கடைக்குப் போனதும் ஒரு மயக்கத்தில் விழுகிறார்கள். அது வேக மயக்கம். கடைக்காரர் பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணைக் காட்டி, "இது விநாடிக்கு இத்தனை நூறு அடி பாயும்" என்கிறார். எண் பெரிதாக இருந்தால் துப்பாக்கி உசத்தி என்று நமக்குத் தோன்றுகிறது. உண்மை என்னவென்றால், ஒலிம்பிக்கில் சுடுகிற துப்பாக்கியின் குண்டு விநாடிக்குச் சுமார் 170, 175 மீட்டர் வேகத்தில்தான் போகிறது. அதன் சக்தி எட்டு ஜூலுக்கும் குறைவு. உலகத்திலேயே மிகச் சரியாகச் சுடும் காற்றுத் துப்பாக்கி, பலத்தில் சாதாரணம்! பலம் கூடக் கூடச் சத்தம் கூடும், உதை கூடும், குழலை மடக்கத் தோளுக்கு வேலை கூடும். பத்து மீட்டர் தூரத்துக் காகிதத்தில் இவற்றால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

சட்டமும் இதே பக்கந்தான் நிற்கிறது. லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது பிறந்த 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் வெள்ளைக்காரருக்கு விலக்கு இருந்தது. இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டியிருந்தது. சுதந்திர பாரதம் 1959-இல் புதுச் சட்டம் செய்து அந்த அவமானத்தைத் துடைத்தது. 1951-இல் ஏற்பட்ட தேசிய ரைபிள் சங்கத்துக்கு முதல் தலைவராக இருந்தவர் லோக சபையின் முதல் சபாநாயகர் மாவலங்கர் என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும். இப்போதுள்ள 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகளின்படி, குழலின் உள்ளளவு 4.5 மில்லிமீட்டருக்கும், சக்தி 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. அதற்குமேல் போனால் வேண்டும். 5.5 மில்லிமீட்டர் குழலைக் காட்டி "யாரும் கேட்கமாட்டார்கள்" என்று சொல்லும் கடையிலிருந்து உடனே படி இறங்கிவிடுங்கள். நல்ல கடையில் அடையாளச் சான்று கேட்பார்கள். முகம் சுளிக்காமல் கொடுத்து, ரசீதில் அளவையும் சக்தியையும் எழுதி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

* * *

இனி, துப்பாக்கியின் ஜாதிகளைப் பார்ப்போம்.

முதலாவது ஸ்பிரிங் துப்பாக்கி. பலூன் கடையில் நாம் பிடித்தது இதுதான். குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் சுருங்கும். விசையை இழுத்தால் அது பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் காற்றை நெருக்கும். காற்று குண்டைத் தள்ளும். வேறு சாமான் ஒன்றும் வேண்டாம். விலை ஏறக்குறைய நம் சக்திக்குள் அடங்கும். உள்நாட்டிலேயே, மகாராஷ்டிரத்துப் பிரெசிஹோல் முதலிய கம்பெனிகள் நல்ல துப்பாக்கி செய்கின்றன. ஆனால் இதற்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கும். பிஸ்டன் போய் முட்டி நிற்கும்போது துப்பாக்கி முன்னே துள்ளும். குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்குள் இந்தக் கூத்து நடந்துவிடுகிறது. ஆகவே இதை இறுக்கிப் பிடித்தால் பிடிக்கு ஒரு குறி என்று மாறும். கோழிக்குஞ்சை ஏந்துவதுபோல் இடது உள்ளங்கையில் லேசாக ஏந்த வேண்டும். செங்கல்மேலோ ஜன்னல் கட்டைமேலோ வைத்துச் சுட்டால் துள்ளிவிடும்.

இரண்டாவது, அமுக்கிய காற்றை முன்கூட்டியே உருளையில் நிரப்பி வைக்கும் துப்பாக்கி. இது புது யோசனையே அல்ல. ஐரோப்பாவில் ஆஸ்திரியச் சைன்யம் 1780-ஐ ஒட்டியே ஜிரார்டோனி என்பவர் செய்த காற்று ரைபிளை வைத்திருந்தது. கட்டையே காற்றுக் குடுவை. அதை நிரப்ப ஆயிரம் தடவைக்குமேல் பம்பு அடிக்க வேண்டும். இன்றைய துப்பாக்கியில் உதை என்பதே இல்லை என்று சொல்லலாம்; ஆதலால்தான் பந்தயக்காரர் எல்லோரும் இதை வைத்திருக்கிறார்கள். ஆனால் உருளையில் 200 பார் அழுத்தம் நிற்கிறது. மோட்டார் கார் டயரில் இருப்பதைப்போல் எண்பது, தொண்ணூறு மடங்கு! சைக்கிள் பம்பால் ஆகிற காரியமல்ல. அதற்கென்று செய்த பம்போ, நிரப்பும் சிலிண்டரோ வேண்டும். பழைய துப்பாக்கி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குகிறவர்கள், உருளையில் பொறித்திருக்கும் தேதியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பந்தயத் துப்பாக்கி செய்யும் ஜெர்மன் கம்பெனிகள் உருளைக்குப் பத்து வருஷமே ஆயுள் என்று வரையறுத்திருக்கின்றன.

மூன்றாவது, கரியமில வாயுக் குப்பியால் சுடுவது. உஷ்ணம் ஏற ஏற வாயுவின் அழுத்தம் ஏறும். குண்டின் வேகமும் மாறும். சித்திரை மாதத்து விருத்தாசலத்தில் காலை ஆறு மணிக்குப் படும் இடம் ஒன்று, பத்து மணிக்குப் படும் இடம் ஒன்று. நமக்கு இது ஒத்துவராது.

என் அபிப்பிராயத்தில், விட்ட பழக்கத்தைத் திரும்பத் தொடுகிறவர் மிதமான பலமுள்ள ஸ்பிரிங் துப்பாக்கியில் ஆரம்பிப்பதே உசிதம். ஆறு மாதம் விடாமல் சுட்ட பிறகும் ஆசை நிலைத்திருந்தால், ரைபிள் சங்கம் ஒன்றில் சேர்ந்து, அங்கே உருளைத் துப்பாக்கியைப் பிடித்துப் பார்த்த பிறகு தீர்மானிக்கலாம். கோயம்புத்தூரிலும் மதுரையிலும் அத்தகைய சங்கங்கள் இருக்கின்றன. அயல்நாட்டுப் பந்தயத் துப்பாக்கி லட்ச ரூபாயைத் தாண்டும்; முதல் மாத உற்சாகத்தை நம்பி அவ்வளவு பணத்தை முடக்க வேண்டாம்.

* * *

துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் நாற்பது வயது தன் கணக்கைக் காட்டும். முதலில் கண். பின் குறி, முன் குறி, அட்டை ஆகிய மூன்றையும் ஒரே சமயத்தில் தெளிவாகப் பார்க்க மனிதக் கண்ணால் ஆகாது. வாலிபக் கண் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சட்டென்று தாவிச் சமாளிக்கிறது. வெள்ளெழுத்து விழுந்த கண்ணால் அது முடியாது. இதற்குத் திறந்த பள்ளக் குறியைவிட, சிறு துவாரத்தின் வழியாகப் பார்க்கும் பின் குறி மிகவும் நல்லது. துவாரம் சிறுத்தால் தெளிவு கூடும் என்பது ஒன்பதாம் வகுப்புப் பாடம். அட்டையில் ஊசித் துளையிட்டு அதன் வழியே பத்திரிகையைப் படித்துப் பார்த்தால் விளங்கிவிடும். முன் குறி தெளிவாகத் தெரிய வேண்டும். இலக்கு சற்று மங்கலாக இருந்தால் பாதகமில்லை. ஆகையால், துவாரக் குறி பொருத்த மேல்பக்கத்தில் தண்டவாளம்போல் வெட்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தூரதரிசினி வைக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். மலிவான கண்ணாடி பத்து மீட்டரில் மங்கும். ஸ்பிரிங் துப்பாக்கியின் இருபக்க உதையில் சீக்கிரமே ஆட்டம் கண்டுவிடும்.

அடுத்தது கனம். பந்தய விதி 5.5 கிலோ வரை அனுமதிக்கிறது. ஆனால் வருஷக்கணக்காய்ச் சுண்ணாம்புக் கட்டியைத் தவிர வேறு ஒன்றையும் தூக்காத என்னைப் போன்றவர்களுக்கு மூன்று, மூன்றரைக் கிலோவே போதும். கடையிலேயே தோளில் வைத்துக் கண்ணை மூடுங்கள். திறந்ததும் குறி கண்ணுக்கு நேராக இருந்தால் கட்டை உங்களுக்குப் பொருந்துகிறது. கழுத்தை நீட்டவோ, கன்னத்தை அழுத்தவோ நேர்ந்தால் பொருந்தவில்லை. விசை இரண்டு கட்டமாக இழுபட வேண்டும்: முதலில் இலேசாக வந்து ஓரிடத்தில் நின்று, பிறகு ஒரு சொட்டு அழுத்தத்தில் விடுபட வேண்டும். குழலைவிட விசைதான் குறியை அதிகம் காப்பாற்றுகிறது.

ஈயக் குண்டிலும் வித்தியாசம் உண்டு. கடைகளில் 'பெல்லட்' என்று கேட்டால் கூர்முனையுள்ளதை எடுத்து நீட்டுவார்கள். காகிதத்துக்குத் தட்டை முனைதான் வேண்டும். அதுதான் அட்டையில் வட்டமாகத் துளை போடும். இரண்டு மூன்று தினுசு வாங்கி, ஒவ்வொன்றிலும் ஐந்து குண்டு ஒரே மாதிரி பிடித்துச் சுட்டுப் பாருங்கள். எது நெருக்கமாக விழுகிறதோ அதையே பிறகு வாங்குங்கள்.

பரணில் பழைய துப்பாக்கி இருக்கிறவர்கள் அவசரப்பட வேண்டாம். தோல் வளையம் காய்ந்திருக்கும், ஸ்பிரிங் அலுத்திருக்கும். இரண்டையும் தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றலாம். கண்ட எண்ணெயை உள்ளே விட்டால் அது அழுத்தத்தில் பற்றி வெடிக்கும். குண்டு இல்லாமல் ஸ்பிரிங் துப்பாக்கியைச் சுடக்கூடாது. பிஸ்டன் மோதிக் கெட்டுப்போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, குழல் மடங்கியிருக்கும்போது விசையில் விரல் படக்கூடாது. குழல் திடீரென்று நிமிர்ந்து விரலை நசுக்கிவிடும்.

* * *

எங்கே சுடுவது? மொட்டை மாடியில் பத்து மீட்டர் இல்லாத வீடு உண்டு. பத்து மீட்டர் இருந்தும் பின்சுவர் இல்லாத வீடுதான் அதிகம். பின்சுவர் இல்லாத இடத்தில் சுடவே கூடாது. தப்பிய குண்டு சில நூறு மீட்டர் கூடப் போகும். அது அடுத்த தெருவில் துணி உலர்த்துகிறவர் கண்ணில் பட்டால், "விளையாட்டுத் துப்பாக்கிதானே!" என்ற சமாதானம் யாருக்கு வேண்டும்? அட்டைக்குப் பின்னால் குண்டை விழுங்கும் பெட்டி ஒன்று தேவை. எங்கள் ஊர்க்காரருக்கு இதில் ஒரு சௌகரியம். களிமண்ணுக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. கனமான மரப் பெட்டியில் ஒரு சாண் ஆழத்துக்குப் பிசைந்த களிமண்ணை அடைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் குண்டு உள்ளேயே தங்கிவிடும். பெட்டிக்குப் பின்னால் சுவர் இருக்க வேண்டும் என்பது அப்போதும் மாறாது. ஆனால் அந்த மண்ணில் ஈயம் கலந்துவிடுகிறது. அதைத் தோட்டத்தில் கொட்டவோ, பிள்ளைகள் பொம்மை பிடிக்கவோ கொடுக்கக்கூடாது. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பாட்டில் கை வைக்க வேண்டும்.

பீங்கான் ஊர் என்பதால் இன்னொரு எச்சரிக்கையும் அவசியமாகிறது. சூளையில் கோணலாகிப்போன பொம்மைகளை வரிசையாக வைத்துச் சுட்டால் வேடிக்கையாக இருக்கும் என்று பிள்ளைகளுக்குத் தோன்றும். வேண்டாம். உடைந்த பீங்கான் சில்லு கத்திக்குச் சமானம். வழவழப்பான பரப்பில் பட்ட குண்டும் திசை மாறித் திரும்பும். சுடுகிறவரும் பக்கத்தில் நிற்கிறவரும் கண்ணாடி அணிவது இந்த வயதில் நமக்கு ஒன்றும் சிரமமல்ல. ஏற்கனவே அணிந்துகொண்டுதான் இருக்கிறோம். ஆனால் மூக்கின் நுனியில் தொங்கும் படிக்கும் கண்ணாடி காப்பாகாது. கண்ணை முழுவதும் மூடுவதாக இருக்க வேண்டும்.

வீட்டில் துப்பாக்கி வந்துவிட்டதென்றால் குழந்தைகளுக்கு அது தெரியாமல் ஒளிக்க முடியாது, ஒளிப்பதும் தவறு. ஒளித்த பொருளைத்தான் பிள்ளைகள் தேடி எடுப்பார்கள். நாமே எடுத்துக் காட்டி, "குண்டு இல்லை என்று எத்தனை தடவை பார்த்தாலும், குண்டு இருப்பதாகவே நினை" என்ற முதல் பாடத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பிறகு துப்பாக்கியை ஒரு பூட்டிலும், குண்டுப் பெட்டியை மற்றொரு பூட்டிலும் வைக்க வேண்டும். பெரியவர் பக்கத்தில் நிற்காமல் சிறுவர் அதைத் தொடக்கூடாது. பையனுக்கு மட்டும் சொல்லிக் கொடுத்துப் பெண்ணை வேடிக்கை பார்க்க வைக்கிற வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். இந்தக் கலையில் புஜ பலத்துக்கு வேலை குறைவு; அமைதிக்கும் பொறுமைக்கும் வேலை அதிகம். நம் ஜில்லாவில் பிறந்த இளவேனில் அதற்கு உலகறிந்த சாட்சி. அப்பாவின் ஆசைக்கு வாங்கிய துப்பாக்கியில் மகள் அப்பாவை ஜெயித்துவிட்டால், அந்தத் தோல்வியைப்போல் இன்பமான தோல்வி வேறு கிடையாது.

இவ்வளவும் கேட்ட பிறகு நண்பர் ஒருவர், "இருபது வயதில் இத்தனை யோசனை இல்லையே, ஸார்!" என்றார். வாஸ்தவம். அப்பொழுது நமக்குப் பின்னால் நின்று யோசிக்க வேறு ஒருவர் இருந்தார், என்.ஸி.ஸி. ஹவில்தார் சொன்னால் சுட்டோம், நிறுத்தென்றால் நிறுத்தினோம். இப்பொழுது அந்த ஹவில்தார் உத்தியோகமும் நமக்கே வந்திருக்கிறது. ஆகவே, கடைக்குப் புறப்படுமுன் வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து மூன்று விஷயங்களைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: பின்சுவர் எது, கண்ணாடி எத்தனை, குண்டுப் பெட்டிச் சாவி யாரிடம். இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால், எந்தத் துப்பாக்கி என்ற கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம்.